குளிர்நீர் முக்குளிப்புக்கு டிரைசூட் தேர்ந்தெடுப்பது எப்படி: அண்டர்சூட்டிலிருந்து முதல் மூழ்கல் வரை

இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயரில் ஸ்டோனி கோவ் என்றொரு பழைய கல்குவாரி இருக்கிறது. நீர் நிரம்பிய அந்தக் குழி இன்று நாட்டின் பெயர்பெற்ற முக்குளிப்புத் தளங்களுள் ஒன்று. குளிர்காலக் காலையில் அதன் நீர் 5 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும்போது, ஒரே நிறுவனத்தின் ஒரே மாதிரி டிரைசூட்டை (நீரை உள்ளே விடாத முக்குளிப்பு உடை) அணிந்த இருவர் அடுத்தடுத்து நீரில் இறங்குவதைக் காணலாம். ஒருவர் இருபதாவது நிமிடத்தில் பல் கிட்டிப்போய் மேலே வந்துவிடுவார். மற்றவர் ஐம்பது நிமிடம் கழித்து வந்து, நடுங்காத கையால் தேநீர்க் குவளையை வாங்குவார். உடை ஒன்றுதான், அதன் உள்ளே அணிந்ததும், அது உடலோடு பொருந்திய விதமும்தான் வேறு. டிரைசூட் வாங்க நினைப்பவர்களில் பெரும்பாலோர் துணியையும் விலையையும் நிறுவனப் பெயரையும் முதலில் பார்க்கிறார்கள். இந்த வழிகாட்டி அந்த வரிசையைத் தலைகீழாக்கச் சொல்கிறது: முதலில் நீர், அடுத்து டிரைசூட்டுக்குள் அணியும் அண்டர்சூட், அதன்பின் அளவும், கழுத்திலும் மணிக்கட்டிலும் நீரைத் தடுக்கும் சீல்களும், துணியும் பெயரும் கடைசியில் வரட்டும்.

புதுச்சேரியிலோ திருகோணமலையிலோ மட்டுமே முக்குளிப்பவருக்கு இந்த உடை தேவையில்லை. அங்கே நீர் பெரும்பாலும் 26 டிகிரிக்கு மேலேயே இருக்கும், 3 மில்லிமீட்டர் வெட்சூட் போதும். லண்டனிலும் டொராண்டோவிலும் ஒஸ்லோவிலும் சூரிச்சிலும் குடியேறி, அங்கே ஸ்கூபா கற்றுக்கொண்ட தமிழர்களுக்கு நிலைமை வேறு. அவர்கள் வீட்டுக்கு அருகில் உள்ள நீர் எதுவும் வெதுவெதுப்பானது அல்ல.

டிரைசூட் செய்வது என்ன

காற்றைவிட நீர் ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்தும். வெட்சூட் என்பது நுண்ணிய வாயுக் குமிழிகள் அடைந்த நியோப்ரீன் நுரை. அது மெல்லிய நீர்ப்படலத்தை உடலோடு ஒட்டி நிறுத்தி, உடற்சூடு விரைவில் வெளியேறாமல் தடுக்கிறது. ஆனால் 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரு மடங்காகும்போது அந்தக் குமிழிகளின் கன அளவு பாதியாகிறது. 30 மீட்டரில் அது நான்கில் ஒரு பங்கு. குளிர் அதிகமாகும் ஆழத்திலேயே உடையின் காப்பு மெலிந்துபோகிறது. டிரைசூட்டோ நீரை உள்ளே விடுவதில்லை. கழுத்திலும் மணிக்கட்டுகளிலும் சீல், நீர்புகா ஜிப், சிலிண்டரிலிருந்து காற்றை உள்ளே விட ஒரு வால்வு, அதை வெளியேற்ற இன்னொரு வால்வு ஆகியவற்றைக் கொண்ட ஒரு பை என்று அதைச் சொன்னால் பெரிய தவறில்லை. ஆழத்தில் அழுத்தம் கூடும்போது காற்றைச் சேர்த்து உள்ளே இருக்கும் இடத்தைக் காப்பாற்றிக்கொள்ளலாம். சூட்டைக் காப்பது பை அல்ல, அதனுள் அண்டர்சூட்டின் இழைகளுக்கிடையே சிக்கி அசையாமல் நிற்கும் காற்று. கீழே வரும் ஒவ்வொரு படியும் இந்த ஒன்றிலிருந்துதான் கிளைக்கிறது.

படி 1: உங்கள் நீரை எழுதிக்கொள்ளுங்கள்

கடைக்குப் போவதற்கு முன் ஒரு தாளில் நான்கு விவரங்களை எழுதுங்கள்: அடுத்த இரண்டு ஆண்டுகளில் நீங்கள் உண்மையாகவே முக்குளிக்கப்போகும் இடங்கள், அங்கே ஆழத்தில் நிலவும் வெப்பநிலை, ஒரு மூழ்கலின் வழக்கமான நேரம், ஒரே நாளில் எத்தனை மூழ்கல்கள். மேற்பரப்பு வெப்பநிலையை நம்ப வேண்டாம். நன்னீர் 4 டிகிரியில்தான் மிக அடர்த்தியாக இருக்கும். ஆகவே கனடாவின் டொபர்மோரியில் கோடையில் மேலே நீந்திக் குளிக்கக்கூடிய அளவு வெதுவெதுப்பு இருந்தாலும், நீர் சட்டென்று குளிரும் வெப்பச் சரிவுக்குக் கீழே கப்பல் சிதைவுகள் கிடக்கும் இடத்தில் அந்த 4 டிகிரியை நெருங்கிய குளிர் காத்திருக்கும். ஸ்காட்லாந்தின் ஸ்காப்பா ஃப்ளோவில் கதை வேறு. 1919 ஜூன் 21 அன்று ஜெர்மானியர்கள் தாமே மூழ்கடித்த கடற்படையின் எஞ்சிய கப்பல்கள் அங்கே 45 மீட்டர் வரையான ஆழத்தில் கிடக்கின்றன. கோடையிலும் நீர் 13 டிகிரி அளவில்தான் இருக்கும், படகில் தங்கி ஒரு வாரம் முழுவதும் நாளுக்கு இருமுறை இறங்குவார்கள். ஒருமுறை இறங்கி வீடு திரும்புபவருக்குப் போதுமான உடை, ஆறாம் நாள் காலையில் ஈரம் காயாத அண்டர்சூட்டை மறுபடி மாட்டுபவருக்குப் போதாது.

ஐஸ்லாந்தின் திங்வெட்லிர் தேசியப் பூங்காவில் உள்ள சில்ஃப்ரா பிளவைப் பார்க்கும் ஆசை பலருக்கு உண்டு. பனியாற்றிலிருந்து உருகி, எரிமலைப் பாறைகளூடே வடிந்து வரும் அந்த நீர் ஆண்டு முழுவதும் 2 முதல் 4 டிகிரி. அங்கே இறங்க டிரைசூட் கட்டாயம். அதில் பயிற்சிச் சான்றிதழோ, பதிவான டிரைசூட் மூழ்கல்களோ காட்டவேண்டும். ஆனால் ஒரு பயணத்துக்காக மட்டும் உடை வாங்காதீர்கள். அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும்.

படி 2: அண்டர்சூட்டை முதலில் முடிவு செய்யுங்கள்

உடையின் அளவே அண்டர்சூட்டின் தடிமனைப் பொறுத்தது என்பதால் இந்தப் படி முன்னே வருகிறது. மெல்லிய உள்ளாடையோடு அளவெடுத்து வாங்கிய டிரைசூட்டுக்குள் குளிர்காலத்தில் தடித்த அண்டர்சூட்டைத் திணித்தால், இழைகள் நசுங்கிக் காற்று நிற்க இடமில்லாமல் போகும். காசும் போகும், சூடும் போகும்.

அடுக்குகளாக எண்ணிப் பாருங்கள். உடலை ஒட்டிய முதல் அடுக்கு வியர்வையைத் தோலிலிருந்து அகற்ற வேண்டும். மெரினோ கம்பளியோ பாலியஸ்டரோ இதற்கு ஏற்றது. பருத்தி வேண்டாம். நம் ஊர் வெயிலில் அருமையான துணிதான், ஆனால் வியர்வையை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். படகில் உடை மாட்டும்போது நனைந்த பனியன் ஆழத்தில் ஈரக் கட்டுப்போல முதுகில் ஒட்டிக் குளிரும். அதன்மேல் வரும் முக்கிய அடுக்கு ஃபிளீஸ் வகையாகவோ, தின்சுலேட் போன்ற நுண்ணிழை வகையாகவோ இருக்கும். ஃபிளீஸ் நெகிழும், எளிதில் காயும், விலையும் குறைவு. 12 டிகிரிக்கு மேற்பட்ட நீரில் பலருக்கு இது போதும். தின்சுலேட் சதுர மீட்டருக்கு 100, 200, 400 கிராம் என்ற கணக்கில் கிடைக்கும். எண் கூடக் கூடக் காப்பும் பருமனும் கூடும். அதன் பெரிய நன்மை, கொஞ்சம் நனைந்தாலும் காப்பில் கணிசமான பங்கைத் தக்கவைப்பது. உடை கிழிந்து நீர் புகும் நாளில் இந்த வேறுபாடு விளங்கும்.

5 டிகிரி நீரில் நாற்பது நிமிடத்துக்கு மேல் இருப்பவருக்கு 200 கிராமுக்குக் குறைந்தது உதவாது என்பது என் கருத்து. எனினும் குளிரை உணர்வது ஆளுக்கு ஆள் மிகவும் மாறும். உங்களைப் போன்ற உடல்வாகு உள்ள ஒருவரிடம் கேட்பது எந்த அட்டவணையையும்விட மேல். பாதங்களை மறக்க வேண்டாம். இரண்டு சோடி இறுக்கமான காலுறைகளைவிட, தளர்வான ஒரு சோடி தடித்த காலுறை நல்லது. இறுக்கம் இரத்த ஓட்டத்தைக் குறைக்கும், காற்றையும் நசுக்கும். மின்கலத்தில் இயங்கும் சூடேற்றும் உள்சட்டைகளும் உண்டு. நீண்ட ஆழ்மூழ்கல்களில் அவை பயன்படும், ஆனால் முதல் டிரைசூட் வாங்குபவர் அவற்றை நம்பி மெல்லிய அண்டர்சூட் எடுத்தால், மின்கலம் நடுவழியில் நின்றுவிடும் நாளில் மேலேறும் வழியில் நின்று காத்திருக்கவேண்டிய அழுத்தக் குறைப்பு நிறுத்தங்களைக் குளிரில் கழிக்க நேரும்.

படி 3: அளவு

இந்தப் படியில் நேரத்தை மிச்சம் பிடிக்காதீர்கள். என் முதல் டிரைசூட்டை இரண்டாம் கையாக வாங்கினேன். என்னைவிட ஒரு சாண் உயரமானவருடையது. கால்களில் மடிப்பு மடிப்பாகத் துணி மிஞ்சியது, அந்த இடத்தையெல்லாம் காற்று நிரப்பியது. தலைகீழாகச் சற்றுச் சாய்ந்தாலே காற்று முழுவதும் பாதங்களுக்கு ஓடும், பாதங்கள் மேலே கிளம்பும், நீந்தக் காலில் மாட்டும் ஃபின்கள் கழலும். நல்ல விலை என்று வாங்கியதைப் பாதி விலைக்கு விற்றேன்.

அதிகப் பெரிய உடையின் சிக்கல் அதுதான்: காற்று அலையும், மிதப்பைக் கட்டுப்படுத்துவது கடினமாகும், மூழ்குவதற்காகக் கட்டிக்கொள்ளும் ஈயக் கட்டிகளும் கூடுதலாக வேண்டியிருக்கும். அதிகச் சிறிய உடையில் கை எட்டாது, அண்டர்சூட் நசுங்கும், ஆழத்தில் மடிப்புகள் தோலைக் கிள்ளிச் சிவந்த தழும்பு விடும். இரண்டுக்கும் நடுவே உள்ளதைக் கண்டுபிடிக்க, நீங்கள் அணியப்போகும் மிகத் தடித்த அண்டர்சூட்டோடு கடைக்குச் சென்று, ஜிப்பை முழுவதும் மூடி, உட்கார்ந்து கழுத்துச் சீலை விரலால் சற்று விலக்கி உள்ளிருக்கும் காற்றை வெளியே விட்டபின் இவற்றைச் செய்து பாருங்கள்.

இரு கைகளையும் தலைக்குமேல் நேராகத் தூக்குங்கள். மணிக்கட்டுச் சீல்கள் கீழே இழுபடக் கூடாது. வலது கையைப் பின்னால் கொண்டுபோய், சிலிண்டர் வால்வு இருக்கும் இடத்தைத் தொட்டுத் திருகுவதுபோல் அசையுங்கள். இரட்டைச் சிலிண்டர் பயன்படுத்துபவருக்கு இது உயிர்ப் பிரச்சினை, எட்டாத உடையை எந்த விலைக்கும் வாங்கக் கூடாது. கைகளைக் குறுக்கே கட்டி எதிர்த்தோள்களைப் பிடியுங்கள். முதுகு இறுகக் கூடாது. ஒரு காலை நாற்காலியின் மேல் வையுங்கள், பிறகு குந்துங்கள். கவட்டுப் பகுதி முழங்காலை நோக்கித் தொங்கினால் ஃபின் அடிக்கும்போது தொடைகள் கட்டிப்போட்டதுபோல் இருக்கும், இறுக்கமாக இருந்தால் படகு ஏணியில் ஏற முடியாது. கடைசியாக, குனிந்து ஃபின் பட்டையை இழுப்பதுபோல் குதிகாலைத் தொடுங்கள்.

தோளிலிருந்து கவடு வரை சென்று திரும்பும் உடல்வளைவு அளவு, உயரத்தைவிட முக்கியமானது. ஒரே உயரமுள்ள இருவரில் ஒருவருக்கு நீண்ட கால்களும் மற்றவருக்கு நீண்ட உடலும் இருக்கலாம். கடை அளவுகள் உயரத்தையும் மார்பையும் வைத்தே போவதால், இடையில் அகப்பட்டுக்கொள்பவர்கள் பலர். சிறிய உடல்வாகும் சிறிய பாதமும் உள்ள நம்மவர்களில் பலர், குறிப்பாகப் பெண்கள், ஐரோப்பியக் கடை அளவுகளில் கால் நீளமும் காலணியும் எப்போதும் மிஞ்சுவதாகச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அப்படியானால் அளவெடுத்துத் தைக்கும் உடைக்குச் சற்றுக் கூடுதல் விலை கொடுப்பது தண்டச் செலவு ஆகாது. போலந்து, பிரிட்டன், ஸ்வீடன், பின்லாந்து நிறுவனங்கள் பல இதைச் செய்கின்றன. அளவை நீங்களே எடுக்காதீர்கள். அண்டர்சூட்டின் மேலா, வெற்றுடலின் மேலா எடுக்கவேண்டும் என்பதை அந்த நிறுவனத்தின் படிவம் சொல்லும், இன்னொருவர் நாடாவைப் பிடிக்க நீங்கள் நிமிர்ந்து நில்லுங்கள்.

படி 4: சீல்கள்

உடைக்குள் நீர் வருவதும் வராததும் பெரும்பாலும் இவற்றைப் பொறுத்தது. மூன்று வகை உண்டு.

லேடெக்ஸ் மெல்லியது, நன்றாக நெகிழும், பலருடைய மணிக்கட்டுக்கும் கழுத்துக்கும் எளிதாகப் பொருந்தும். ஆனால் வெயிலிலும் ஓசோனிலும் நாளடைவில் பிசுபிசுத்து வெடிக்கும். சில ஆண்டுகளுக்கொருமுறை மாற்றவேண்டும். எண்ணெய் அதற்குப் பரம விரோதி. தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்துக்கொண்டு கழுத்துச் சீலை இழுத்து மாட்டும் பழக்கம் இருந்தால், அதன் ஆயுளை நீங்களே குறைக்கிறீர்கள். சன்ஸ்கிரீனும் முகக்களிம்பும் அதே வேலையைச் செய்யும். மாட்டும்போது வாசனை சேர்க்காத டால்க் பொடி தூவினால் போதும். லேடெக்ஸ் ஒவ்வாமை உள்ளவர்கள் இதை நினைக்கவே வேண்டாம்.

சிலிக்கோன் இன்னும் மிருதுவானது, ஒவ்வாமை தராது. ஆனால் நகமோ மோதிரமோ கீறினால் ஒரே இழுப்பில் கிழிந்துவிடும். வழக்கமான பசையில் ஒட்டாது என்பதால், பெரும்பாலும் உடையில் பொருத்திய வளையத்தோடு வரும். அந்த வளையமே அதன் பலம்: படகிலேயே, சில நிமிடங்களில், பழையதைக் கழற்றிப் புதியதைப் பொருத்தலாம். ஸ்காப்பா ஃப்ளோவுக்கு ஒரு வாரம் போய், இரண்டாம் நாளே லேடெக்ஸ் கழுத்துச் சீல் கிழிந்து மீதி நாள்களைப் படகின் சமையலறையில் கழித்தவரைப் பார்த்தபின் நான் வளைய முறைக்கு மாறினேன். உடையில் வளையம் முன்பே பொருத்தப்பட்டிருந்தால் கையுறை வளையங்களையும் அதிலேயே மாட்டலாம்.

நியோப்ரீன் சீல் வெதுவெதுப்பானது, உழைக்கும். கழுத்தில் அதை உள்நோக்கி மடித்துவிடவேண்டும். ஆரம்பத்தில் இறுக்கமாக இருக்கும், பின்னர் சற்றுத் தளரும். மணிக்கட்டில் நரம்புகள் புடைத்திருப்பவருக்கு, கையைத் திருகும்போது அந்தப் பள்ளங்களூடே நீர் கசிவது எந்த வகையிலும் நேரும். அவர்களுக்கு லேடெக்ஸோ சிலிக்கோனோ அதிகம் பொருந்தும்.

கழுத்துச் சீல் இறுக்கமாக இருப்பதைப் பெருமையாகப் பேசுபவர்கள் உண்டு. கழுத்தின் இருபுறத் தமனிகளில் இரத்த அழுத்தத்தை உணரும் இடங்கள் இருக்கின்றன. அவற்றைச் சீல் அழுத்தினால் இதயத் துடிப்பு குறைந்து தலைசுற்றலும் மயக்கமும் வரலாம். கடையில் அணிந்து பத்து நிமிடம் உட்கார்ந்து பேசிப் பாருங்கள். தலை கனத்தாலோ கண் இருண்டாலோ அந்தச் சீலோடு நீரில் இறங்கக் கூடாது. லேடெக்ஸ், சிலிக்கோன் சீல்களில் வளைய வளையமாக வரிகள் இருக்கும். கூரிய கத்தரியால் ஒரு நேரத்தில் ஒரு வரியை மட்டும், வெட்டு பிசிறில்லாமல் முடியும்படி, வெட்டித் தளர்த்தலாம். அதிகம் வெட்டிவிட்டால் திரும்ப ஒட்ட முடியாது.

ஒரு சின்னக் குறிப்பு. மணிக்கட்டில் கோயிலில் கட்டிய காப்புக் கயிறும், கழுத்தில் தாலிக்கயிறும் சீலுக்கு அடியில் போனால், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் அவற்றின் வழியே நீர் ஏறும். கயிற்றை முழுவதுமாக உடைக்குள் தள்ளிவிடுங்கள், அல்லது அன்றைக்குக் கழற்றி வையுங்கள். நீண்ட கூந்தலின் ஓரிரு இழைகளும் இதையே செய்யும்.

படி 5: ஜிப்

முதுகின் குறுக்கே தோளிலிருந்து தோளுக்குப் போகும் ஜிப் எளிமையானது, விலை குறைவு. ஆனால் மூட இன்னொருவர் வேண்டும். மார்பில் சாய்வாகப் போகும் ஜிப்பைத் தானே மூடலாம். அதற்காக இடுப்பில் மடங்கி நீளும் உடைப்பகுதியும் கவட்டுப் பட்டையும் சேர்வதால் அளவும் நன்றாக அமைகிறது. தனியாகக் காரில் வந்து இறங்குபவர்கள் இரண்டாவதையே எடுக்கலாம்.

பித்தளைப் பற்கள் கொண்ட உலோக ஜிப் வலிமையானது, ஆனால் கூர்மையாக மடித்தால் முறியும், பற்களின் வெளிப்புறத்தில் தேன்மெழுகோ பாராஃபின் மெழுகோ பூசவேண்டும். பிளாஸ்டிக் ஜிப் இலகுவானது, நன்கு வளையும், மூடும் முனையில் மட்டும் அதற்குரிய மசகு போதும். மணல் சிக்கினால் வீணாகும். எந்த ஜிப்பானாலும் கடைசி ஒரு சென்டிமீட்டர்தான் சோதனை. முதுகு ஜிப்பை மூடிய நண்பர் ‘சரி’ என்று தட்டிவிட்டுப் போன பிறகு, கடைசி இரண்டு பற்கள் திறந்திருந்து உடை முழுவதும் நனைந்த கதை இல்லாத டிரைசூட்காரரை நான் சந்தித்ததில்லை.

படி 6: வால்வுகளும் இணைப்புக் குழாயும்

காற்றை உள்ளே விடும் வால்வு மார்பின் நடுவில் இருக்கும். சிலிண்டரை முதுகில் தாங்கும் சேணத்தின் மார்புப் பட்டை அதன்மேல் விழக்கூடாது. சுழலக்கூடிய வால்வாக இருந்தால் குழாய் இடப்பக்கத்திலிருந்தோ வலப்பக்கத்திலிருந்தோ வரலாம். வெளியேற்றும் வால்வு இடது மேல்கையில் இருக்கும். அதைத் தடித்த கையுறையோடு திருகிப் பாருங்கள். மேலேறும்போது அது முழுவதும் திறந்திருக்க, இடது தோளை உயர்த்தினால் காற்று தானே வெளியேறும். வால்வு முழங்கையை நெருங்கித் தாழ இருந்தால் அது சரிவர வேலை செய்யாது.

சிலிண்டர் காற்றை உடைக்குக் கொண்டுவரும் இணைப்புக் குழாயின் முனை வால்வோடு பொருந்துகிறதா என்பதை, கடையில், உங்கள் சொந்த ரெகுலேட்டரோடு (சிலிண்டர் காற்றின் அழுத்தத்தைக் குறைத்துத் தரும் கருவி) மாட்டிப் பாருங்கள். முனைகள் எல்லாம் ஒரே வகை அல்ல; பழைய உடைகளில் வேறுவகை இணைப்புகள் இன்றும் இருக்கின்றன. 2020 நவம்பரில் அமெரிக்காவின் மொன்டானாவில் உள்ள மெக்டொனால்ட் ஏரியில் பதினெட்டு வயது மாணவி ஒருவர் உயிரிழந்தார். பழையதாக வாங்கிய அவருடைய டிரைசூட்டின் வால்வுக்குப் பொருந்தும் குழாய் இல்லாத நிலையில், காற்றைச் சேர்க்க வழியின்றி, அதிக எடையோடு அவர் நீரில் இறக்கப்பட்டிருந்தார். ஆழம் கூடக் கூட உடைக்குள் இருந்த காற்று சுருங்கி, உடை உடலை நெரித்தது, மிதப்பும் போயிற்று. காற்றுக் குழாய் இணைக்காத டிரைசூட்டோடு ஆழமற்ற நீரிலும் இறங்கக்கூடாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

ரெகுலேட்டரில் சிலிண்டரோடு இணையும் பகுதியான முதற்கட்டத்தில் இந்தக் குழாய்க்காக ஒரு குறை அழுத்தத் துளை காலியாக இருக்கவேண்டும். ஐரோப்பியத் தரமான இ.என். 250 குளிர்நீர் என்று கருதுவது 10 டிகிரிக்குக் கீழானதை. உங்கள் ரெகுலேட்டர் அதற்குச் சான்று பெற்றதா என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள். ஹீலியம் கலந்த வாயுவால் முக்குளிப்பவர்கள் அதையே உடைக்குள் விடக்கூடாது, ஹீலியம் காற்றைவிடப் பல மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். அவர்கள் தனிச் சிறு சிலிண்டரில் காற்றோ ஆர்கானோ எடுத்துச்செல்கிறார்கள்.

படி 7: பாதம், கை, தலை

உடையோடு ஒட்டிய காலணி எளிது. மென்மையான காலுறை முடிவில் தனிக்காலணி மாட்டும் முறையில் கணுக்கால் அளவு நன்றாக அமையும், காற்றும் பாதத்தில் குறைவாகவே தேங்கும். எதை எடுத்தாலும் உங்கள் இப்போதைய ஃபின் அதில் ஏறாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். உடை வாங்கும் நாளில் ஃபின்னையும் கொண்டுபோய்ப் பாருங்கள்.

கைக்கு 5 மில்லிமீட்டர் நியோப்ரீன் கையுறையோடு தொடங்கலாம். 8 டிகிரிக்குக் கீழே விரல்கள் முடங்கும்போது உலர் கையுறைக்கு மாறவேண்டும். சீலுக்கு அடியில் ஒரு சிறு குழாயோ தடித்த நூலோ வைத்து உடையின் காற்று கையுறைக்கும் போகும்படி செய்தால் கை சூடாக இருக்கும், ஆனால் கையுறை கிழிந்தால் நீர் உடைக்குள் வரும் வழியும் அதுவே. குளிர்நீரில் தலைக்கு 7 மில்லிமீட்டர் தலையுறை எடுங்கள். அதன் விளிம்பு உடையின் கழுத்துப்பட்டைக்குள் அடங்கவேண்டும்.

படி 8: துணி

இப்போதுதான் துணி. டிரைலாமினேட் என்பது இரு துணி அடுக்குகளுக்கு நடுவே பியூட்டைல் ரப்பர் வைத்து ஒட்டியது. இலகுவானது, விரைவில் காயும், ஆழத்தில் தன் தடிமனை மாற்றாது. ஆனால் தனக்கென்று சூடு ஏதும் இல்லை, நெகிழ்வும் குறைவு. அதனால்தான் அளவும் அண்டர்சூட்டும் இதற்கு எல்லாமாகின்றன. நுரை நியோப்ரீன் உடை தானே சூடு தரும், உடலோடு நெகிழும், நீரில் வழுக்கிச் செல்லும். மறுபுறம் வெட்சூட்டைப் போலவே ஆழத்தில் நசுங்கி மிதப்பை மாற்றும், கனமானது, காய நாளாகும், ஊசித்துளைக் கசிவைக் கண்டுபிடிப்பது பெரும்பாடு. முன்கூட்டியே அழுத்திய நியோப்ரீன் இவ்விரண்டுக்கும் நடுவே நிற்கிறது: ஆழத்தில் அதிகம் மாறாது, தேய்மானத்தைத் தாங்கும், விலை கூடும். வல்கனைஸ் செய்த ரப்பர் உடை, மாசடைந்த நீரில் இறங்கும் மீட்புப் படையினருக்கும் தொழில்முறை முக்குளிப்பவர்களுக்கும் உரியது. எளிதில் கழுவலாம், சைக்கிள் டியூபுக்குப் பஞ்சர் ஒட்டுவதுபோல் ஒட்டலாம், பொழுதுபோக்குக்காரருக்குத் தேவையில்லை.

பல பருவங்களிலும் பல இடங்களிலும் இறங்குபவருக்கு நான் டிரைலாமினேட்டையே சொல்வேன்; அண்டர்சூட்டை மாற்றினால் ஒரே உடை 4 டிகிரிக்கும் 16 டிகிரிக்கும் பொருந்தும், விமானப் பெட்டியிலும் அடங்கும். ஆண்டில் ஐந்தாறு முறை, ஒரே ஏரியில், 20 மீட்டருக்குள் மட்டும் இறங்குபவருக்கு நியோப்ரீன் தவறான தேர்வு அல்ல.

சிறுநீரை உடைக்கு வெளியே விடும் சிறுநீர் வால்வைப் பற்றிப் பேச வெட்கப்பட்டு, காலையில் தண்ணீர் குடிக்காமல் இறங்குபவர்கள் உண்டு. குளிர்நீரில் அமிழ்ந்தாலே சிறுநீர் பெருகும், உடலில் நீர் வற்றினால், மேலேறும்போது இரத்தத்திலும் திசுக்களிலும் வாயுக் குமிழிகள் எழும் அழுத்தக் குறைப்பு நோய்க்கான ஆபத்து கூடலாம். ஒரு மணி நேரத்துக்கு மேல் நீரில் இருப்பவர் வால்வைப் பொருத்திக்கொள்வதே முறை. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி அமைப்புகள் கிடைக்கின்றன.

படி 9: புதியதா, பழையதா

பிரிட்டனில் புதிய டிரைசூட்டின் விலை ஆயிரம் பவுண்டுக்குக் கீழே தொடங்கி மூவாயிரத்தையும் தாண்டும். அதோடு அண்டர்சூட், தலையுறை, கையுறை, ஒருவேளை ஃபின், கூடுதல் ஈயம் ஆகியவற்றையும் கூட்டிக்கொள்ளுங்கள். கையில் உள்ள பணம் முழுவதையும் உடைக்கே கொடுத்துவிட்டு, உள்ளே பழைய ஸ்வெட்டரோடு நடுங்குவதைவிட, ஒரு படி குறைந்த உடையும் நல்ல அண்டர்சூட்டும் மேல்.

பழையதை வாங்கினால், ஜிப்பே முதல் கேள்வி. அதை மாற்றும் செலவு உடையின் விலையைத் தின்றுவிடும். பற்கள் வரிசையாக இருக்கின்றனவா, துணிப்பட்டையில் வெடிப்பு உண்டா என்று வெளிச்சத்தில் பாருங்கள். பிறகு மணிக்கட்டுச் சீல்களில் பாட்டில்களையும் கழுத்துச் சீலில் ஒரு பந்தையும் செருகி, வெளியேற்றும் வால்வை மூடி, உடையைக் காற்றால் மெதுவாக நிரப்பி, தையல்கள் மேல் சோப்பு நீரைத் தடவுங்கள். குமிழி எழும் இடத்தைச் சுண்ணக்கட்டியால் குறியுங்கள். சீல்கள் தேய்ந்திருப்பது பெரிய குறையல்ல, அவை எப்படியும் மாறுபவை. பேரம் பேச உதவும். விற்பவர் இந்தச் சோதனைக்குச் சம்மதிக்காவிட்டால் கிளம்பிவிடுங்கள்.

படி 10: நீரில் உறுதி செய்யுங்கள்

முதல் அணிவு குளத்திலோ ஆழமற்ற, அமைதியான நீரிலோ, பயிற்றுநரோடு இருக்கட்டும். பாடி (PADI) என்ற முக்குளிப்புப் பயிற்சி அமைப்பின் டிரைசூட் பயிற்சியில் குளத்தில் ஓர் அமர்வும் திறந்த நீரில் இரண்டு மூழ்கல்களும் உண்டு. பல பிரிட்டிஷ் சங்கங்கள் அடிப்படைப் பயிற்சியையே டிரைசூட்டில் தருகின்றன. பாதங்கள் மேலே கிளம்பி உடல் தலைகீழானால், முழங்கால்களை மடக்கிச் சுருண்டு புரண்டு, காற்றைத் தோளுக்குக் கொண்டுவந்து வெளியேற்றப் பழகுங்கள். காற்றை விடும் வால்வு சிக்கி ஊதிக்கொண்டே இருந்தால், கையுறையோடு குழாயைக் கழற்ற எத்தனை நொடி ஆகிறது என்று கணக்கிடுங்கள். இதையும் மூன்று நான்கு முறை செய்து பழகவேண்டும்.

எடையைச் சரிசெய்வது மூழ்கலின் முடிவில். சிலிண்டரில் 50 பார் அழுத்தக் காற்று மீதியிருக்க, 5 மீட்டரில், மிதப்பு ஜாக்கெட் காலியாகவும் உடையில் குளிராத அளவு காற்றோடும் அசையாமல் நிற்க முடிந்தால் அதுவே சரியான எடை. உடையில் காற்று ஒரு துளியும் இல்லாமல் நிற்கும் அளவுக்கு எடையைக் குறைத்தால், கடைசிப் பத்து நிமிடம் குளிரில் போகும். அணிந்த அண்டர்சூட், ஈயத்தின் அளவு, நீரின் வெப்பம், எந்த நிமிடத்தில் குளிர் தொடங்கியது என்று பதிவேட்டில் எழுதி வையுங்கள். அண்டர்சூட் மாறினால் எடையும் மாறும்.

வெளியே வந்ததும் உடையைக் கழற்றி, அண்டர்சூட்டில் எந்த இடம் ஈரம் என்று கையால் தடவிப் பாருங்கள். முதுகும் அக்குளும் மெல்லிய பிசுபிசுப்போடு இருந்தால் அது வியர்வை. முன்கை மட்டும் நனைந்திருந்தால் மணிக்கட்டுச் சீல். மார்பு நனைந்திருந்தால் கழுத்துச் சீலோ ஜிப்பின் முனையோ. இடது மேல்கை நனைந்திருந்தால் வெளியேற்றும் வால்வில் அண்டர்சூட்டின் பஞ்சோ மணலோ சிக்கியிருக்கும். கவட்டில் ஈரம் என்றால் தையலைச் சந்தேகியுங்கள், மறுபடி சோப்பு நீரைத் தடவுங்கள். புதிய உடையானால், ஈரம் கண்ட இடத்தைக் குறித்து, உத்தரவாதக் காலம் முடியுமுன் வாங்கிய கடைக்கே திருப்பி அனுப்புங்கள்.